பலாலியிலிருந்து நெடுந்தீவு வரை வாய் திறக்காமல்

யாழ்ப்பாணத்துப் பலாலியில் பிளேனை விட்டு இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளிவாசலடிக்கு வந்தபோது எங்களைக் கூட்டிப் போக ஒரு குஞ்சு குருவிகூட நிற்கவில்லை. எங்களோடு சென்னையிலிருந்து வந்த சனத்துக்கெல்லாம் ஆள் வந்திருந்தது. கட்டிப்பிடிக்கிறவர்கள் கட்டிப்பிடித்தார்கள், அழுகிறவர்கள் அழுதார்கள். நானும் என் மனுசனும் மட்டும் ஒரு பெட்டியோடும் இரண்டு பைகளோடும் வெயிலுக்குள் நின்றோம். நான் இவரைப் பார்த்தேன். இவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"மூடுங்கோ வாயை!" என்றேன்.

உடனே மூடிக்கொண்டார்.

புருசனை மதிக்கத் தெரியாத பெண் என்று என்னை நினைத்துவிடக் கூடாது. அந்த நாட்களில் இவருடைய வாயை மூடி வைத்திருப்பதுதான் என் முழுநேர வேலை. இவர் நெடுந்தீவில் மீன் ஏலம் கூறுகிறவர். விடியற்காலையில் வள்ளங்கள் கரைக்கு வந்ததும் மீனைக் குவியல் குவியலாகக் கொட்டுவார்கள். இவர் நடுவில் நின்று விலையை ஏற்றிக்கொண்டே போவார். விலை ஓரிடத்தில் வந்து நின்றதும் "ஒருதரம்" என்பார். பிறகு "ரெண்டுதரம்" என்பார். அதற்குப் பிறகு கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுற்றி நிற்கிற வியாபாரிகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அந்த இடைவெளியில் யாராவது ஒருத்தர் பொறுக்க மாட்டாமல் கூட்டிக் கேட்டுவிடுவார். கடைசியில் "மூண்டுதரம்" என்று இவர் சொல்லிவிட்டால் மீன் கைமாறிவிட்டது, அதற்கு மேல் பேச்சில்லை. கடற்கரையில் இவர் சொல்கிற மூண்டுதரம் எங்கள் வீட்டுக் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருக்கிற எனக்குக் கேட்கும்.

அந்தக் குரல்தான் போன வருசம் கம்மத் தொடங்கியது. தடிமன் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். மாறவில்லை. பிறகு காற்றுப் போன சைக்கிள் ரியூப் மாதிரிச் சீறிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் கொண்டுபோய்க் காட்டினோம். தொண்டைக்குள் ஏதோ வளர்ந்திருக்கிறது என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. மாதாவுக்கு நான் வைக்காத நேர்த்தி இல்லை. என் ஒன்றுவிட்ட தங்கை சென்னையில் இருக்கிறபடியால் அங்கே போய் ஒப்பரேசன் செய்தோம். வெட்டி எடுத்ததைச் சோதித்துப் பார்த்துவிட்டு, கெட்ட வருத்தம் ஒன்றும் இல்லை, வெறும் சதைதான் என்று டொக்டர் சொன்னபோது நான் அந்த மனுசனைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆனால் டொக்டர் ஒரு கட்டளையும் போட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரக் கூடாது. பேசக் கூடாது. குசுகுசுக்கவும் கூடாது, அது பேசுவதைவிடக் கேடாம். செருமக் கூடாது, வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது. புண் ஆறுவதற்கு முன்னால் ஒரு தடவை கத்தினாலும் பழைய குரலை மறந்துவிட வேண்டியதுதான் என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஏலக்காரனுக்குக் குரல் போனால் பிறகு என்ன இருக்கிறது? இவர் பவ்வியமாகத் தலையை ஆட்டினார். தலையை ஆட்டினது இவர், காவல் நிற்க வேண்டியது நான்.

வீட்டில் இவர் என்னை "இஞ்சாரும்" என்றுதான் கூப்பிடுவார். உடுக்கிற சாரத்தைக் காணவில்லை என்றாலும் இஞ்சாரும், முற்றத்தில் காகம் கத்தினாலும் இஞ்சாரும். "உந்த இஞ்சாருமை விட்டுட்டு என்னை ஒரு நாளாவது நிம்மதியா இருக்க விடமாட்டியளோ?" என்று எரிந்து விழுவேன். ஒப்பரேசன் முடிந்த மறுநாளே எனக்கு அந்தச் சொல் இல்லாமல் காது விறைத்துப் போன மாதிரி இருந்தது. அதை இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பதில் சொல்ல வாயைத் திறப்பார்.

சரி, வாசலடிக்கு வருகிறேன். இவருடைய தம்பிக்குப் போன் எடுத்தேன். புதன்கிழமை மத்தியானம் பிளேன் வரும், வந்து நில்லும் என்று அவருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

"தம்பி, எங்கை நிக்கிறீர்?"

"வாசலிலைதான் மச்சாள் நிக்கிறம். சென்னைப் பிளேன் இறங்கிட்டுது எண்டு ரீவியிலை போட்டுக் கிடக்கு. சனமெல்லாம் வருகுது, உங்களைத்தான் காணேல்லை. அண்ணைக்கு ஏதும் ஏலாமல் போச்சுதோ?"

"எந்த வாசலிலை நிக்கிறீர்?"

"கட்டுநாயக்காவிலை எத்தினை வாசல் கிடக்கு மச்சாள்? சனம் வாற வாசலிலைதான்."

ஆள் கொழும்புப் பக்கம் போய் நிற்கிறார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. எங்கள் தீவு ஆட்களுக்கு, பிளேனில் வருகிற ஆளைக் கூட்டப் போவதென்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. வான் பிடிக்க வேண்டும். வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஏற வேண்டும், பக்கத்து வீட்டிலும் இரண்டு பேரைக் கூப்பிட வேண்டும். புட்டும் மீன் பொரியலும் கட்ட வேண்டும். போகும்போது மடுவில் இறங்கி மாதாவைக் கும்பிட வேண்டும். பிறகு தெற்கே போய்க்கொண்டே இருக்க வேண்டும், கட்டுநாயக்கா வரும் வரைக்கும். பலாலியிலும் சென்னைப் பிளேன் இறங்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும், பேப்பரில் படித்திருக்கிறார்கள். ஆனால் அது பேப்பரில் படித்த சங்கதி. ஆளைக் கூட்டி வா என்றால் வான் தன்பாட்டில் கட்டுநாயக்காவுக்குத்தான் போகும். எனக்கும் எந்த இடம் என்று சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. இப்படியான விவரமெல்லாம் எப்போதும் இவர்தான் கதைப்பார்.

"நாங்கள் பலாலியிலை இறங்கி நிக்கிறம்" என்றேன்.

அவர் அதைப் பக்கத்தில் நின்ற வான் சனத்துக்கு அப்படியே திருப்பிச் சொல்வது கேட்டது.

"பலாலியிலையோ? அங்கை ஏன் மச்சாள் இறங்கினீங்கள்?"

ஏதோ நாங்கள் பஸ்ஸை மறித்து இறங்குவது போல, பிளேனை நடுவழியில் நிற்பாட்டி இறங்கிவிட்டோம் என்ற மாதிரிக் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவரையும், வான்காரனையும், அவருடைய புட்டுப் பார்சலையும் சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் இவர் குனிந்து நிற்கிறார், தோள் இரண்டும் குலுங்குகின்றன.

"ஐயோ மாதாவே, சிரியாதேங்கோ! தொண்டை!"

இவர் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கண்ணால் தண்ணீர் வடியச் சிரித்தார். அந்தக் கோலத்தைப் பார்க்க எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நான் ஏசி முடிப்பதற்குள் வாசலில் நின்ற கடைசி ஓட்டோவும் ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எங்கள் கடைசிப் படகோ பின்னேரம் குறிகட்டுவானிலிருந்து வெளிக்கிட்டுவிடும். அதை விட்டால் அன்றிரவு இறுப்பிட்டியில் இவருடைய அக்கா வீட்டில்தான் தங்க வேண்டும். அக்கா நல்ல மனுசி. ஆனால் அக்காவும் இவரும் ஒரு விறாந்தையில் இருந்தால் விடியும்வரை கதை ஓயாது. இவருடைய தொண்டையை அந்த வீட்டுக்குள் கொண்டுபோவதும் ஒன்றுதான், கிணற்றில் போடுவதும் ஒன்றுதான்.

காவலுக்கு நின்ற பெடியன் கையைக் காட்டினான். யாழ்ப்பாணம் போகிற பஸ் வந்துகொண்டிருந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினோம். கொண்டக்டர் கையைக் கொடுத்து ஏற்றிவிட்டார். சீற் கிடைத்தது, கடவுள் புண்ணியம். ஆனால் பஸ்ஸுக்குள் பாட்டு அலறியது. வேறு ஆளுக்கென்றால் அது பாட்டு, எனக்கு அது கண்டம். பாட்டுக் கேட்டால் இவர் தன்னை அறியாமல் முணுமுணுக்கிறவர். உரும்பிராய் வரும்வரைக்கும் இவருடைய தொடையில் கையை வைத்தபடி இருந்தேன். பழைய பாட்டு ஒன்று தொடங்கும்போதெல்லாம் ஒரு கிள்ளுக் கிள்ளினேன். தோட்டப்பக்கத்துச் செம்மண் புழுதி யன்னலால் அடித்தது. இருமல் வந்தால் எல்லாம் போச்சே என்று துவாயைத் தண்ணீரில் நனைத்து இவருடைய முகத்தைச் சுற்றிக் கட்டிவிட்டேன். கோண்டாவிலில் ஏறின ஒரு சின்னப் பிள்ளை இவரைக் கண்டு பயந்து அழுதது.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் பஸ் நின்றது. கொண்டக்டர்மார் தங்கள் தங்கள் ஊரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். இவர் ஒவ்வொருவரின் பக்கத்திலும் நின்று தலையைச் சரித்துக் கேட்டார். காரைநகர் பஸ்காரனுடைய குரல் இவருக்குப் பிடித்துவிட்டது. அவனுக்குப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். அவன் இவர் காரைநகருக்கு வருகிறார் என்று நினைத்துப் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டான். அதை இறக்கி எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. "கொஞ்சம் அடக்க ஒடுக்கமா நில்லுங்கோவன்" என்றேன். வாயைத் துவாய்க்குள் வைத்துக்கொண்டும் வில்லங்கம் தேடுகிற மனுசன் இவர்.

குறிகட்டுவான் பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் கடற்காற்று வந்தது. கொஞ்சம் மூச்சு விட்டேன். அப்போதுதான் பின்சீற்றில் இருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆர், அண்ணையே? துவாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறபடியால் மட்டுக்கட்டேல்லை. எப்ப வந்தனீங்கள்?"

எங்கள் ஊர் மனுசி. கருவாடு கொண்டுவந்து யாழ்ப்பாணத்தில் விற்றுவிட்டுத் திரும்பிப் போகிறவர். இவர் திரும்பிப் பார்த்து, பல் தெரியச் சிரித்து, தலையை ஆட்டினார். அவ்வளவுதான். எங்கள் தீவில் கேட்ட கேள்விக்கு வாய் திறந்து பதில் சொல்லாவிட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். உன்னோடு எனக்குக் கதை இல்லை, உன் வீட்டுக் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் வரமாட்டேன் என்று அர்த்தம். மனுசியின் முகம் கறுத்தது.

"ஓமோம். இந்தியாவுக்குப் போட்டு வந்த பெரிய ஆக்கள். எங்களோடை ஏன் கதைக்கப் போகினம்?"

இவருக்குப் பொறுக்கவில்லை. துவாயை இழுத்துவிட்டு வாயைத் திறந்தார். நான் எழும்பி நடுவில் நின்றுகொண்டேன்.

"அக்கா, கோவிக்காதேங்கோ! அவருக்குத் தொண்டையிலை ஒப்பரேசன். வெள்ளிக்கிழமை வரைக்கும் கதைக்கேலாது. கதைச்சால் குரல் போயிடும்."

பஸ் முழுக்கக் கேட்டுவிட்டது. மனுசியின் முகம் ஒரு நொடியில் மாறியது. "ஐயோ, என்ரை ராசா!" என்று தன் மடியில் வைத்திருந்த வாழைப்பழச் சீப்பை அப்படியே இவருடைய மடியில் வைத்தார். அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு வைத்தியம். ஆடாதோடை என்றார் ஒருவர். திப்பிலியைத் தேனில் குழைத்து என்றார் இன்னொருவர். எல்லாரும் அதை இவரிடம்தான் சொன்னார்கள். அதுவும் காது கேட்காத ஆளுக்குச் சொல்வது போலக் கத்திச் சொன்னார்கள்.

"அண்ணை! தேன்! தேன் குடிக்கிறனீங்களோ?"

"அவருக்குக் காது கேக்கும்" என்றேன்.

"அப்ப சரி" என்று இன்னும் பலமாகக் கத்தினார்கள்.

இவர் வாழைப்பழத்தைத் தின்றுகொண்டு எல்லோருக்கும் கையால் பதில் சொன்னார். ஊருக்குப் போகாமலே ஊர் வந்துவிட்டது போல இவருடைய முகம் மலர்ந்திருந்தது. எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. இனி ஒருவரும் இவரைக் கதைக்கச் சொல்ல மாட்டார்கள், இத்தனை பேர் காவல் இருக்கிறார்கள்.

அந்த ஆறுதல் வேலணை வரைக்கும்தான். அங்கே ஒரு கலியாண வீட்டுக்காரர் பஸ்ஸை மறித்து, பிளாஸ்ரிக் கதிரைகளை அடுக்கடுக்காக ஏற்றத் தொடங்கினார். புங்குடுதீவில் இறக்க வேண்டுமாம். கொண்டக்டரும் சேர்ந்து ஏற்றினார். கலியாணம் என்றால் யார் என்ன சொல்வது? பிறகு புங்குடுதீவில் ஒவ்வொரு கதிரையாக இறக்கினார்கள். வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. நான் யன்னலால் தலையை நீட்டி, "ஐயா, கலியாணம் முடிஞ்சு பிள்ளையும் பிறந்திடும் போலை கிடக்கு, கெதியா இறக்குங்கோ!" என்றேன். சனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறுப்பிட்டிப் பக்கம் போகிற ஒழுங்கையைப் பார்க்கும்போது அக்காவின் விறாந்தை கண்ணுக்குள் வந்து நின்றது.

குறிகட்டுவானில் பஸ் நிற்பதற்கு முன்பே நாங்கள் படியில் நின்றோம். இறங்கினதும் பார்த்தால் கயிறு அவிழ்த்தாயிற்று. நெடுந்தீவுப் படகு துறையை விட்டு விலகி, மூக்கைக் கடல் பக்கம் திருப்பிவிட்டது. இவர் பெட்டியைப் போட்டுவிட்டுத் துறைப் பாலத்தால் ஓடினார். நான் பையைப் போட்டுவிட்டு இவருக்குப் பின்னால் ஓடினேன்.

எத்தனை வருசப் பழக்கம் அது. துறையின் நுனியில் நின்று, நெஞ்சை விரித்து, மூச்சை இழுத்து, இவர் வாயைத் திறந்ததைக் கண்டேன். அந்தக் குரல் இருந்த நாளில் என்றால் ஒரு கூப்பிடு போதும், படகு திரும்பிவிடும். நான் பாய்ந்து போய் இவருடைய வாயில் கையை வைத்து இறுக்கிப் பொத்தினேன். அத்தனை சனத்துக்கு முன்னால், கட்டின புருசனின் வாயை, கள்ளனைப் பிடித்த மாதிரி.

"கத்தாதேங்கோ! படகு போனால் நாளைக்கு வரும். குரல் போனால் வராது!"

இவர் என் கைக்குள் மூச்சு வாங்கினார். நான் மற்றக் கையை ஆட்டி, "நிப்பாட்டுங்கோ! படகை நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். என் குரல் எஞ்சின் சத்தத்துக்குள் கரைந்துபோனது. துறையில் நின்று இப்படிக் கத்தாத ஆள் எந்த நாளில் இருந்தது? ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. இருபது வருசத்துக்கு மேலாகக் குசினிக்குள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் எனக்குள் எங்கேயோ கிடந்திருக்கிறது. அது தானாக வந்தது. இவர் இழுக்கிற அதே இழுவையில், கடைசியில் தூக்குகிற அதே தூக்கலில் கத்தினேன்.

"ஒரு... தரம்!"

படகில் இருந்த தலைகள் அத்தனையும் ஒன்றாகத் திரும்பின. நெடுந்தீவுச் சனத்துக்கு அந்தச் சத்தம் கேட்டால் கழுத்து நில்லாது.

"ரெண்டு... தரம்!"

எஞ்சின் சத்தம் குறைந்தது. படகு அப்படியே நின்று, மெல்ல மெல்லப் பின்னுக்கு வந்தது. படகோட்டி எழும்பி நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"அக்கா, மூண்டாந்தரம் மட்டும் சொல்லிப் போடாதேங்கோ! வந்திட்டன். சொன்னால் போட்டை வித்துப் போடுவியள்!"

படகு முழுக்கச் சிரித்தது. கருவாட்டுக்கார மனுசி எங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். யாரோ பெட்டியை வாங்கினார்கள், யாரோ என் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். உள்ளே போய் இருந்தேன். உடம்பு முழுக்க ஒரு பாரம் இறங்கினது போல இருந்தது. அழுகையும் வந்தது. வெட்கத்தை விட்டு அழுதேன். இவர் துவாயை அவிழ்த்து என் முகத்தைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, காரைநகர் பஸ்காரனுக்குக் காட்டின மாதிரியே பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். கடல் அன்று கொஞ்சம் கொந்தளிப்பாகத்தான் இருந்தது. எனக்கு அது ஒன்றும் தெரியவில்லை.

இவருடைய தம்பி அடுத்த நாள்தான் வான் சனத்தோடு வந்து சேர்ந்தார். திரும்பி வரும்போது மடுவில் இன்னொரு தரம் இறங்கி, எங்களுக்காக மெழுகுதிரி கொளுத்தினார்களாம். அண்ணனைக் கூட்டப் போய் அண்ணன் இல்லாமல் திரும்பி வந்த வெட்கம் முகத்தில் இருந்தது. எனக்கு அவர் மேல் கோபம் ஒன்றும் மிச்சம் இல்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "அடுத்த முறை பலாலிக்கு வாரும், மடுவுக்கு வேறை நாளைக்குப் போவம்" என்றேன். அதற்குள் குறிகட்டுவான் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கடைக்குப் போனால் பெடியள் எனக்குப் பின்னால் "ஒருதரம்" என்றார்கள். நானும் விடவில்லை, திரும்பி நின்று "ரெண்டுதரம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. முதல் நாளிரவு முழுக்க நான் புரண்டு புரண்டு படுத்தேன். சத்தம் வராவிட்டால்? பழைய சீறல்தான் வந்தால்? காலமை குசினிக்குள் கதிரையைப் போட்டு இவரை இருத்தினேன். ஒரு கோப்பை இளஞ்சுடுதண்ணீர் கொடுத்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு முன்னால் போய் நின்றேன்.

"மெதுவாக் கதைக்கவேணும் எண்டு டொக்டர் சொன்னவர். முதல் சொல்லு மாதாவைச் சொல்லுங்கோ. கத்தாதேங்கோ. பயமாக் கிடந்தால் நாளைக்குச் சொல்லலாம்."

எனக்குத்தான் பயம், இவருக்கு இல்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். என் முகத்தை ஏலத்தில் பார்க்கிற மாதிரியே பார்த்தார். மூச்சைப் பிடித்தார்.

"மூண்டுதரம்" என்றார்.

மெல்லத்தான் சொன்னார். கொஞ்சம் கரகரப்பு இருந்தது. ஆனால் குரல் இருந்தது, அடியில் இருந்து முழுதாக, அவருடைய சொந்தக் குரல். சீலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

"இஞ்சாரும்" என்றார் இவர். "பால் பொங்கி வழியுது."